பீடோங்கிலிருந்து ஜீனோமிக்ஸ் ஆய்வகம் வரை: தோட்டப்புற மாணவர்களுக்குப் பயிற்சி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

செம்பனைப் பழம் ஒன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் நடுவில் ஓடு தெரியும். ஓடு தடிப்பாக இருந்தால் அது டூரா. மெல்லிய ஓடும் அதைச் சுற்றி நார் வளையமும் தெரிந்தால் தெனெரா. ஓடே இல்லையென்றால் பிசிஃபெரா. முப்பது வருடம் குலை அறுத்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்த மரத்துப் பழத்தில் சதை அதிகம் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்கள்.

இந்த மூன்று வகைக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு மரபணு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013இல் அதைக் கண்டுபிடித்து, செம்பனையின் முழு மரபணுத்தொகையோடு சேர்த்து 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். இரண்டு கட்டுரைகளிலும் முதல் பெயர் ரஜிந்தர் சிங். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ரவிகதேவி சம்பந்தமூர்த்தி. அதுவரை ஒரு கன்று எந்த வகை என்று தெரிய, அது வளர்ந்து காய்க்கும்வரை பல வருடம் காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்துச் சொல்லலாம்.

எங்கள் பயிற்சியின் முதல் நாள் காலையில் மேசைமேல் இருப்பது இந்தப் பழமும் ஒரு கத்தியும்தான். மடிக்கணினி மதியத்துக்கு அப்புறம்.

நான் கெடா மாநிலத்துப் பீடோங்கில் வளர்ந்தவள். தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் லயத்திலிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த குடும்பம். மரபணு ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டு, சில நண்பர்களோடு சேர்ந்து ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் எட்டு பட்டப்படிப்பு மாணவர்களுக்கு எட்டு வாரம் ஜீனோமிக்ஸ், அதாவது ஓர் உயிரின் முழு மரபணுத்தொகையைப் படிக்கும் துறையில், பயிற்சி நடத்துகிறேன். சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கோல சிலாங்கூர் என்று வேறு பட்டணங்களிலிருந்தும் எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். ஆசிரியர்கள், விரிவுரையாளர்கள், கோவில் நிர்வாகத்தினர், படித்து முடித்து ஊருக்குத் திரும்பியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பார்த்தவரை, எந்த மாணவரும் பாடம் புரியாமல் விலகியதில்லை. பஸ் காசு, வீட்டின் கவலை, கேட்க ஆளில்லாத தனிமை, இந்த மூன்றும்தான் விலக வைத்தன. அதனால் இந்த வழிகாட்டியில் டிஎன்ஏ பற்றிய பகுதியைவிடப் பணத்தையும் வீட்டையும் பற்றிய பகுதி நீளமாக இருக்கும்.

முதல் படி: எதற்காக நடத்துகிறோம் என்று எழுதி வையுங்கள்

நன்கொடை கேட்கப் போகும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வரும். பதில் கையில் இருக்க வேண்டும்.

நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் பெரிய ஆய்வுகளில் யாருடைய டிஎன்ஏ இருக்கிறது என்று 2016இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கலந்துகொண்டவர்களில் 81 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மைப் போன்றோரின் பங்கு மிகச் சிறியது. இங்கே மலேசியாவில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். இதற்குச் சாப்பாடு, வேலை, வருமானம் என்று பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் மரபணுவின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் மரபணுவின் பங்கு எவ்வளவு என்று தேடும் மேசையில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவரும் உட்கார்ந்திருந்தால், கேட்கப்படும் கேள்விகளே மாறும்.

இது நமக்கு மட்டும் தோன்றிய யோசனை அல்ல. அமெரிக்காவின் தேசிய மனித மரபணுத்தொகை ஆய்வு நிறுவனம், குறைந்த அளவில் இருக்கும் சமூகத்து மாணவர்களை இந்தத் துறைக்குள் கொண்டுவர 2002இலேயே தனித் திட்டம் தொடங்கியது. 2011இல் அங்கே பூர்வகுடி மாணவர்களுக்காக 'சிங்' (SING) என்ற ஒரு வாரக் கோடைப் பயிற்சி தொடங்கியது. பிறகு நியூசிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று பரவியது. அங்கே பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த அறிவியலாளர்களே பாடம் நடத்துகிறார்கள். சமூகத்தின் உரிமையும் மரபணுவும் ஒரே வகுப்பில் பேசப்படுகின்றன. நாங்கள் அதிகம் கற்றுக்கொண்டது இதிலிருந்துதான்.

இரண்டாம் படி: யாரைச் சேர்ப்பது

இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள்தான் சரியான ஆட்கள். முதலாண்டு மாணவருக்கு உயிர்வேதியியல் அடிப்படை இன்னும் வந்திருக்காது. இறுதியாண்டு மாணவர் வேலை தேடும் அவசரத்தில் இருப்பார். இரண்டாம் ஆண்டை முடித்தவருக்கு, இறுதியாண்டு ஆய்வுக்கு எந்த விரிவுரையாளரிடம் போவது என்று முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. பயிற்சியின் பலன் உடனே தெரிவது அந்த முடிவில்தான்.

புள்ளிகளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக இருந்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியைப் பிடித்து, எஸ்டிபிஎம் உயர்நிலைத் தேர்வு எழுதிப் பல்கலைக்கழகம் போய், அங்கே ஆங்கிலத்தில் திணறி, நான்குக்கு 2.8 சராசரி எடுத்த மாணவி ஒருத்தி எங்களிடம் வந்தாள். இரவில் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எடுத்த 2.8 அது. அவள் எழுதிய கணினி நிரலைப் பார்த்தபோது, 3.7 வைத்திருந்தவர்களைவிடப் பொறுமையான மூளை என்று தெரிந்தது.

விண்ணப்பப் படிவம் ஒரே பக்கம் போதும். 'உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை எப்படித் தேடினீர்கள்?' என்று ஒரு கேள்வி வையுங்கள். ஒருவர் மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றிச் சரிசெய்ததை எழுதினார். அது போதும். பரிந்துரைக் கடிதம் கேட்காதீர்கள். விரிவுரையாளரிடம் போய்க் கேட்கத் தயங்கும் பிள்ளைகள்தான் நமக்கு வேண்டியவர்கள், கடிதம் கேட்டால் முதலில் விண்ணப்பிக்காமல் போவதும் அவர்கள்தான்.

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஓர் ஆண்டு பதினைந்து பேரைச் சேர்த்தோம். பின்வரிசை தானாக உருவாகிவிட்டது.

மூன்றாம் படி: வீட்டுக்குப் போங்கள்

இதைத் தவிர்க்கவே முடியாது. மாணவருக்கு ஒப்புதல் கடிதம் அனுப்பும் முன் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். இருவராகப் போங்கள். மாணவி வீடென்றால் கட்டாயம் ஒரு பெண் வர வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் போனால் வேலை முடிந்து வந்திருப்பார்கள்.

மூன்று கேள்விகள் வரும். எந்த வீட்டிலும் மாறியதில்லை.

"டீச்சர், இது டாக்டர் படிப்பா?"

இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். டாக்டருக்கு அடுத்தபடி, டாக்டருக்கு உதவி என்றெல்லாம் இழுக்காதீர்கள். பிள்ளை டாக்டராகவில்லை என்ற ஏமாற்றம் ஏற்கெனவே சில வீடுகளில் இருக்கும், அதைத் தடவிக் கொடுப்பதுபோல் பேசினால் ஏமாற்றம்தான் பெரிதாகும்.

"இதுக்கு வேலை கிடைக்குமா?"

கிடைக்கும் இடங்களைப் பெயரோடு சொல்லுங்கள். அந்தப் பட்டியல் கடைசிப் படியில் இருக்கிறது.

"ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம எப்படி டீச்சர்?"

இதற்குப் பதில் அடுத்த படியில்.

அப்பாக்களோடு பேசத் தொடங்க ரப்பர் மரத்தைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் பரவலாக நட்ட ரகங்களில் ஒன்று ஆர்ஆர்ஐஎம் 600. தோட்டத்தில் அந்த ரக மரம் எல்லாம் ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே மரத்தின் நகல்கள். அதன் பெற்றோர் ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1, காஜாங் பக்கத்து பிராங் பெசாரில் உருவான பிபி 86. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் குழு 2013இல் ரப்பர் மரத்தின் மரபணுத்தொகையை முதன்முதலில் வரைவாக வெளியிட்டபோது, எடுத்துக்கொண்டது இதே 600ஐத்தான். பால் வெட்டிய ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "அந்த மரமா? காலையில வெட்டினா எவ்வளவு பால் வரும் தெரியுமா..." என்று அவர் தொடங்கிவிடுவார். அதன் பிறகு உங்கள் பிள்ளை படிக்கப் போவது இதைத்தான் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிட்டு ஓடி வராதீர்கள்.

நான்காம் படி: பணம்

விடுமுறை என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பாதிக்கும் காலம். சுங்கைப்பட்டாணி தொழிற்சாலையிலோ, பேரங்காடியிலோ, உணவகத்திலோ இரண்டு மாதம் வேலை பார்த்து அடுத்த தவணைக்கான செலவைச் சேர்ப்பார்கள். இலவசப் பயிற்சி என்று நாம் விளம்பரம் செய்தால், அவர்களுக்கு அது இரண்டு மாதச் சம்பளத்தை இழக்கும் பயிற்சி.

அதனால் உதவித்தொகையைக் குறைந்தபட்சச் சம்பளத்திலிருந்து கணக்கிடுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து அது மாதம் 1,700 ரிங்கிட். இரண்டு மாதத்துக்கு ஒருவருக்கு 3,400. எட்டுப் பேருக்கு 27,200. பழைய மடிக்கணினி ஒன்று 800 ரிங்கிட் என்று வைத்தால் எட்டுக்கு 6,400. மதியச் சாப்பாடு, வேன், ஆய்வகப் பொருள்கள் எல்லாம் சேர்த்து 45,000 ரிங்கிட் இருந்தால் ஓர் ஆண்டு நடத்திவிடலாம். பணம் குறைந்தால் மாணவர் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொகையைக் குறைக்காதீர்கள். எங்கள் முதல் ஆண்டில் வாரத்துக்கு 100 ரிங்கிட் கொடுத்தோம். மூன்றாம் வாரத்துக்குள் மூன்று பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மீது எந்தத் தவறும் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். 'முதலில் செலவு செய்து பில் கொண்டு வாருங்கள், பிறகு தருகிறோம்' என்பது கையில் 20 ரிங்கிட்டோடு வருபவருக்கு நடக்காத காரியம். நான் மாணவியாக இருந்தபோது ஒரு பயிற்சிக்குப் போன பஸ் காசு நான்கு மாதம் கழித்து வந்தது. அந்த நான்கு மாதமும் தோழி ஒருத்தியிடம் கடனாளியாக இருந்தேன். அதற்கப்புறம் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

பணம் எங்கிருந்து வரும்? எங்களுக்குப் பாதி, ஊரை விட்டுப் போய் நன்றாக இருக்கும் பழைய மாணவர்களிடமிருந்து வருகிறது. மாதம் 50 ரிங்கிட் தருபவர்கள் ஐம்பது பேர் இருந்தாலே வருடத்துக்கு 30,000. கோவில் நிர்வாகங்கள் தருகின்றன. தோட்ட நிறுவனங்களின் சமூக நிதியைக் கேட்கலாம். இந்தியச் சமூகத்துக்கான அரசு நிதியை 'மித்ரா' வழியாகக் கேட்கலாம், அதற்குப் பதிவுபெற்ற சங்கமும் தணிக்கை செய்த கணக்கும் வேண்டும். கணக்கை ஒவ்வொரு சென்னும் தெரியும்படி எழுதி, நன்கொடை தந்த எல்லோருக்கும் அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: முதல் மூன்று வாரம், கணினி மட்டும்

ஆய்வகம் இல்லையே என்று தயங்குபவர்கள் அதிகம். இன்றைய ஜீனோமிக்ஸில் பெரும்பகுதி கணினி முன்னால்தான் நடக்கிறது. தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்று, நல்ல இணையம், எட்டு மடிக்கணினி, இவை போதும்.

முதல் நாள் மதியம் கோவிட் வைரஸின் மரபணுத்தொகையைப் பொதுத் தரவகத்திலிருந்து இறக்குகிறோம். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தில் எழுதியது, மொத்தம் 29,903 எழுத்து, சிறிய கோப்பு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸின் கருப்புத் திரையில் அதைத் திறந்து எண்ணச் சொல்கிறோம். ஏ எத்தனை, ஜி எத்தனை? ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர், "அக்கா, இது ஆர்என்ஏ வைரஸ்தானே? கோப்பில் ஏன் யு இல்லாமல் டி இருக்கிறது?" என்று கேட்பார். ஆர்என்ஏவில் டிக்குப் பதில் யு இருக்கும், ஆனால் அதை டிஎன்ஏவாக மாற்றிப் படிக்கிறார்கள், தரவகமும் எல்லாவற்றையும் டிஎன்ஏ எழுத்திலேயே வைத்திருக்கிறது என்று விளக்குவோம். அந்தக் கேள்வி வந்ததும் பாடம் தானாக நடக்கத் தொடங்கும்.

முதல் வாரம் முழுக்க கட்டளைகளுக்கே கொடுங்கள். கோப்பை நகர்த்துவது, தேடுவது, எண்ணுவது, ஒரு கட்டளையின் விடையை இன்னொன்றுக்குள் அனுப்புவது. அவசரப்படாதீர்கள். கைப்பேசியிலேயே வளர்ந்தவர்களுக்குக் கோப்புறை என்ற எண்ணமே புதிது.

இரண்டாம் வாரம், டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்குவென்சிங் இயந்திரத்திலிருந்து வரும் மூலக்கோப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி: பெயர், எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, ஒவ்வொரு எழுத்தின் தரம். தரம் 20 என்றால் நூற்றில் ஒன்று தவறாக இருக்கலாம், 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இந்த இடத்தில் பலர் திக்குவார்கள். கடையில் சில்லறை எண்ணுவதோடு ஒப்பிட்டேன், எடுபடவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரின் கவனத்தோடு ஒப்பிட்டேன், புரிந்தது. அடுத்து ஈ. கோலை பாக்டீரியா, 46 லட்சம் எழுத்து. பழைய கணினி திணறினால் 'கேலக்ஸி' என்ற இலவசத் தளத்தில் இணைய உலாவி வழியாகவே செய்யலாம், கணக்கிடும் வேலை அவர்களுடைய கணினியில் நடக்கும்.

மூன்றாம் வாரம் மனிதர். முழுத்தொகை வேண்டாம். 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்தை வைத்துக்கொண்டு பழைய மடிக்கணினியில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஒரு மரபணுவை எடுங்கள்.

நாங்கள் எடுப்பது இதயத் தசையோடு தொடர்புள்ள மைபிபிசி3. அதில் 25 எழுத்து விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருக்கிறது என்றும், அது இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்றும் 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் பொதுத் தரவில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு குழு இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர். அந்தக் குழுவில் இந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது, ஐரோப்பியக் குழுக்களில் எத்தனை பேரிடம் என்று மாணவர்களையே எண்ணச் சொல்கிறோம். 'தமிழர்' என்ற சொல்லைத் தரவுப் பட்டியலில் பார்க்கும்போது அறை அமைதியாகிவிடும். அப்புறம் மலேசியத் தமிழர் எந்த வரிசையில் என்று கேட்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லை.

பாடத்தை அங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த 25 எழுத்து விடுபட்ட எல்லோருக்கும் ஆபத்தா? 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்து இருப்பவர்களிடம்தான் இதயத்தின் இயக்கத்தில் வேறுபாடு தெரிகிறது என்று காட்டியது. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் பயந்துபோய் அம்மாவுக்குப் போன் செய்யப் போன மாணவர், இரண்டாவதைப் படித்த பிறகு யோசிப்பார். நான் இந்தப் பயிற்சியில் கற்றுத்தர விரும்புவது இந்த யோசனையைத்தான்.

ஆறாம் படி: மொழி

விளக்கம் தமிழில். கலைச்சொல் ஆங்கிலத்தில். அறிக்கை மாணவரின் பல்கலைக்கழகம் கேட்கும் மொழியில். இதில் குழப்பமே வேண்டாம்.

ஆங்கிலக் கட்டுரையை முழுதாகப் படிக்கச் சொன்னால் கண் மேலோட்டமாக ஓடும், ஒன்றும் உள்ளே போகாது. வாரம் ஒரு கட்டுரை, அதில் ஒரே ஒரு படம். 'இந்தப் படத்தின் குறுக்கு அச்சில் என்ன? நெடுக்கு அச்சில் என்ன? எதை நம்பச் சொல்கிறார்கள்? உனக்கு நம்பிக்கை வருகிறதா?' இந்த நான்கு கேள்விக்கும் முதலில் தமிழில் பதில், பிறகு ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுத்து. எட்டு வாரத்தில் எட்டுப் படம். கடைசி வாரம் தங்கள் வேலையைப் பாட்டிக்குப் புரியும்படி ஐந்து நிமிடம் தமிழில் பேச வேண்டும், பாட்டி கேள்வி கேட்க வேண்டும். இதில் தப்பித்தவர் யாரும் இல்லை.

ஏழாம் படி: ஆய்வகம், இரண்டு வாரம்

இதற்குப் பல்கலைக்கழகத்தின் உதவி வேண்டும். எங்களுக்குச் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் எட்டும் தூரம்தான். எங்கே கேட்டாலும், துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதும் முன் ஆய்வக உதவியாளரிடம் பேசுங்கள். எந்த வாரம் ஆய்வகம் சும்மா இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

துளித்துளியாகத் திரவத்தை அளந்து எடுக்கும் கருவியான பிபெட்டைப் பிடிக்கும் பயிற்சியை ஆய்வகத்துக்குப் போகும் முன்பே ஊரில் முடித்துவிடலாம். சாயத் தண்ணீர், கடன் வாங்கிய பிபெட், நகை நிறுக்கும் சின்னத் தராசு. 100 மைக்ரோலிட்டர் வீதம் பத்து முறை விட்டால் தராசு 1.00 கிராம் காட்ட வேண்டும். 0.93 காட்டினால் கை இன்னும் பழகவில்லை.

ஆய்வகத்தில் செம்பனை இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கச் சொல்கிறோம். முதல் முறை பெரும்பாலும் பழுப்பாகக் கெட்டுப்போகும், இலையில் பழுப்பாக்கும் பாலிபீனால் என்ற பொருள் அவ்வளவு. கெட்டுப்போக விடுங்கள். ஏன் பழுப்பானது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, மறுநாள் திரும்பச் செய்யட்டும். தேதி போடாத, கிழிக்கப்பட்ட பக்கமுள்ள குறிப்பேட்டை நான் ஏற்பதில்லை.

எட்டாம் படி: நம் ஆட்களின் இரத்தமும் எச்சிலும்

ஆர்வக்கோளாறில் யாரும் பக்கத்து வீட்டுக்காரர் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டுவிடக் கூடாது. மாணவர்களின் சொந்த டிஎன்ஏவையும் வகுப்பில் சோதிக்காதீர்கள். ஒரு பிள்ளையின் முடிவு என்பது அம்மா, அப்பா, தம்பி எல்லோருடைய முடிவும்தான். யாருக்கு யார் அப்பா என்பது வரை வெளியே வரலாம். மாமன் மகள், அத்தை மகன் திருமணம் நம் குடும்பங்களில் உண்டு. ஒடுங்கிய மரபணு நோய்களை, அதாவது அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மாற்றம் வந்தால் மட்டும் வரும் நோய்களை, பேசும் நாளில் சில முகங்கள் இறுகுவதைப் பார்ப்பீர்கள். யாரையும் குற்றவாளியாக்காமல், நிகழ்தகவைக் கணக்காகச் சொல்லுங்கள். சாதியைப் பற்றிய கேள்வி வந்தால், நெருங்கிய வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்தால் அரிய மாற்றங்கள் சேரும் என்ற உயிரியல் உண்மையைச் சொல்லுங்கள். உயர்வு தாழ்வுக்கு அதில் இடமில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

மனிதரை வைத்து உண்மையான ஆய்வு செய்ய வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் இடங்களில் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, மருத்துவ ஆய்வு நன்னெறிக் குழுவின் அனுமதி பெற வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த நன்னெறிக் குழுக்கள் உண்டு. ஒப்புதல் படிவம் ஒன்றை மாணவர்களே தமிழில் எழுதி, ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும் ஒரு பெரியவருக்குப் படித்துக் காட்டச் சொல்கிறோம். "எனக்கு இதனால என்ன?" என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் இல்லாத படிவத்தைத் திருப்பி எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: எட்டு வாரம் முடிந்த பிறகு

பல பயிற்சிகள் சான்றிதழ் கொடுத்து, படம் பிடித்து, அத்தோடு முடிந்துவிடுகின்றன. நம் வேலையில் பாதி அதற்கப்புறம்தான்.

ஒவ்வொரு மாணவருக்கும் இருவரை நியமியுங்கள். ஒருவர் துறையில் இருப்பவர், அறிவியல் கேள்விகளுக்கு. இன்னொருவர் இரண்டு மூன்று வயது மூத்த அக்காவோ அண்ணனோ, மற்ற எல்லாவற்றுக்கும். இந்த இரண்டாமவர் ஞாயிறு இரவில் பத்து நிமிடம் போன் செய்வார். "சாப்பிட்டியா? சூப்பர்வைசர் பதில் போட்டாரா?" அவ்வளவுதான். விடுதியில் தனியாக, தன் துறையில் தன் பின்னணியில் யாருமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த அழைப்பு எவ்வளவு தேவை என்று, அழைப்பை ஒரு தவணை நிறுத்திப் பார்த்த எங்களுக்குத் தெரியும். இருவரை இழந்தோம். ஒருத்தியைத் திரும்பக் கொண்டுவர ஒரு வருடம் ஆனது.

தொழிலியல் பயிற்சிக்கு ஐந்தாறு மாதம் முன்பே கடிதங்கள் போக வேண்டும். ஒரே கடிதத்தை நாற்பது இடத்துக்கு அனுப்புவதில் பயனில்லை. அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வியை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதில் வரும்.

பத்தாம் படி: எங்கெல்லாம் அனுப்புவது

பயிர் பக்கம்: பாங்கியில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், சுங்கை பூலோவில் மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வு நிலையம், பெரிய தோட்ட நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. வெயிலுக்கும் அட்டைக்கும் பயப்படாமல் மரத்தடிக்குப் போவார்கள், மரத்தைப் பார்க்கத் தெரியும். நேர்காணலில் அதை வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அப்பா குலை அறுத்தவர் என்பதை மறைத்துவைத்திருந்த மாணவர் ஒருவர், அதைச் சொன்ன நேர்காணலில்தான் வேலை பெற்றார்.

மருத்துவப் பக்கம்: செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மலேசியர்களைத் தொடர்ந்து கவனிக்கும் 'மலேசியன் கோஹோர்ட்' ஆய்வு அங்கேதான் இருக்கிறது. கிளந்தான் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மனித மரபணுத்தொகை மையம். செத்தியா ஆலாமில் மருத்துவ ஆய்வுக் கழகம். தனியார் சோதனைக்கூடங்களும் ஆள் எடுக்கின்றன.

கணினி பக்கம் சாய்ந்தவர்களுக்கு, உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் உயிர்தகவலியல், வீட்டிலிருந்தே கூடச் செய்யக்கூடிய வேலை. ஊரை விட்டுப் போக முடியாத மாணவிகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள். மனிதரோடு பேசப் பிடித்தவர்களுக்கு மரபணு ஆலோசனை. தேசியப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முதுகலைப் படிப்பு உண்டு. மரபுவழி இரத்த நோயான தலசீமியாவைப் பற்றி ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்பதை எந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றாலும் உணரலாம்.

முதுகலை ஆய்வுக்குப் போவதென்றால், ஆய்வு உதவியாளர் சம்பளம் உள்ள இடத்துக்கு மட்டும் போகச் சொல்லுங்கள். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கையிலிருந்து போகும் முதுகலையை, பிடிபிடிஎன் கல்விக் கடன் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையிடம் நான் பரிந்துரைப்பதில்லை. பேராசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராக இருந்தாலும் சரி.

நாள்காட்டி

ஜனவரியில் கணக்கை முடித்து நன்கொடையாளர்களுக்கு அனுப்புங்கள். தைப்பூசம் கழிந்ததும் விண்ணப்பம் திறக்கட்டும், அப்போது எல்லோரும் ஊருக்கு வந்து போயிருப்பார்கள், செய்தி வாய்வழியாகப் பரவும். ஏப்ரலில் வீட்டுச் சந்திப்பு. ஜூனில் மடிக்கணினிகளைத் திறந்து, லினக்ஸ் ஏற்றி, ஒவ்வொன்றின் மின்கலமும் இரண்டு மணி நேரம் நிற்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் ஊருக்கு வந்த பிறகு பயிற்சி. அக்டோபரில் ஞாயிறு அழைப்புகள் தொடங்க வேண்டும். முதல் அழைப்பு பல்கலைக்கழகம் திறந்த இரண்டாம் வாரத்துக்குள் போகட்டும், மூன்றாம் வாரம் என்றால் பிந்திவிடும்.